பேப்பர் போடும் முன்னும் பின்னும்: ஆய்விதழ் வெளியீட்டு நெறிகள், படிப்படியாக

"சார், பர்சன்டேஜ் எவ்வளவு வந்திருக்கு?"

மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஆய்வேடு சமர்ப்பிக்கிற மாதங்களில் என் மேசைக்கு வருகிறவர்கள் வணக்கத்துக்கு முன்னால் கேட்பது இதைத்தான். கட்டுரையில் எத்தனை சதவீதம் வேறு எழுத்துகளோடு ஒத்துப்போகிறது என்று ஒப்புமை பார்க்கும் மென்பொருள் என் கணினியில் இருப்பதால் வந்த மரியாதை. பத்துதான் வரம்பு. ஒன்பது என்றால் முகம் மலரும். பதினொன்று என்றால் அரியர் விழுந்ததுபோல் நிற்பார்கள்.

ஒன்பது வந்த கட்டுரையில் ஓர் அட்டவணை முழுக்க இட்டுக்கட்டியதாக இருக்கலாம். பதினொன்று வந்தது வரிக்கு வரி உழைத்து எழுதியதாக இருக்கலாம். மென்பொருள் சொல்லோடு சொல்லைத்தான் ஒப்பிடும். யார் வெயிலில் அலைந்தார், யார் பெயர் சும்மா ஏறியது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் இந்த வழிகாட்டியில் சதவீதம் மூன்றாம் படியில்தான் வருகிறது.

காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகளில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருப்பவர்களையும், வேலையில் சேர்ந்து முதல் பேப்பர் போடப்போகிற ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஆராய்ச்சி, வெளியீட்டு நெறிமுறை பற்றிய இரண்டு கிரெடிட் பாடத்தை 2019 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. கட்டாயமாக்கியது. நீங்களும் படித்திருப்பீர்கள். தேர்வு எழுதிவிட்டு மறந்தும் இருப்பீர்கள்.

முதல் படி: தரவு எடுக்கும் இடத்தில்

வெளியீட்டு நெறி என்றதும் எல்லோருக்கும் எழுத்துத் திருட்டு நினைவுக்கு வருகிறது. அதைவிடப் பெரிய குற்றங்கள் இரண்டு உண்டு: இல்லாத தரவைப் புனைவது, இருக்கிற தரவைத் திரிப்பது. இவை இரண்டும் கட்டுரை எழுத உட்காருவதற்கு ரொம்ப முன்னாலேயே நடந்து முடிந்துவிடும்.

ஒருமுறை ஒரு மாணவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வியாபாரிகளிடம் நிரப்பியதாக நூறு கேள்வித்தாள்களைக் கொண்டுவந்தார், ஸ்கேன் செய்து பாதுகாக்க. நூறிலும் ஒரே நீலப் பேனா. டிக் எல்லாம் ஒரே சாய்வு. ஒரு தாள்கூடக் கசங்கவில்லை. மல்லிகை மூட்டைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிற இடத்துக்குப் போய்வந்த காகிதத்தில் ஒரு சொட்டு ஈரமாவது பட்டிருக்க வேண்டாமா? "தம்பி, மார்க்கெட்டுக்கு எத்தனை மணிக்குப் போனீங்க?" என்று கேட்டேன். "மத்தியானம் மூணு மணிக்கு சார்" என்றார். காலை ஏலமும் வியாபாரமும் முடிந்து வெகு நேரம் ஆகியிருக்கும். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு போனவர் மூன்று வாரம் கழித்து வேறு கட்டோடு வந்தார். இம்முறை நாற்பத்தொரு தாள்தான். சிலவற்றில் பாதிதான் நிரம்பியிருந்தது. ஒன்றில் டீக்கறை. அந்த நாற்பத்தொன்றை வைத்துத்தான் அவர் கட்டுரை எழுதினார்.

செய்ய வேண்டியது இதுதான். பக்க எண் போட்ட ஒரு நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதி, எங்கே, யாரிடம், எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள் என்று அன்றன்றைக்கு எழுதுங்கள். மறுத்தவர் எண்ணிக்கையும் கட்டுரையில் வர வேண்டும். மூலத் தாள்களையும் கருவி தந்த மூலக் கோப்புகளையும் திருத்தாமல் தனியாக வையுங்கள். கணக்குப் போட ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓர் ஆசிரியர் குழு "மூலத் தரவை அனுப்புங்கள்" என்று கேட்டால், ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது என்ற பதிலை இப்போது யாரும் நம்புவதில்லை.

ஆய்வுக்கூடக்காரர்களுக்குப் படங்கள்தான் ஆபத்து. எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 20,621 உயிர்மருத்துவக் கட்டுரைகளைப் பார்த்து 2016-இல் வெளியிட்ட முடிவில், 3.8 சதவீதக் கட்டுரைகளில் ஒரே படம் முறையில்லாமல் இரண்டு இடத்தில் வந்திருந்தது. எல்லாமே மோசடி என்று சொல்ல முடியாது. கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைக்காததால் மாறிப்போவதும் உண்டு.

மனிதர்கள் சம்பந்தப்பட்ட ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில். வேலை முடிந்த பிறகு முன்தேதியிட்டு வாங்கும் கடிதம் அனுமதியே ஆகாது. மருத்துவ, உடல்நலத் துறையினருக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. மருந்துச் சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். 2009 ஜூனிலிருந்து இது கட்டாயம். உசிலம்பட்டிப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற சமூகவியல் மாணவருக்கும் ஒப்புதல் வேண்டும். எதற்காகக் கேட்கிறோம், பெயர் வெளிவராது, பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம் என்று தமிழில் படித்துக்காட்டி வாங்கும் ஒப்புதல். கட்டைவிரல் ரேகையை மட்டும் உருட்டிக்கொண்டு வருவதை ஒப்புதல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாம் படி: யார் யார் பெயர்

சில வருடங்களுக்கு முன்னால் என் பெயர் ஒரு கட்டுரையில் மூன்றாவதாக வந்திருப்பது இணையத்தில் தற்செயலாகத் தெரிந்தது. எனக்குத் தெரியாத துறை, நான் ஒரு வரி படிக்காத கட்டுரை. எழுதியவரிடம் கேட்டால், "நீங்க நிறைய உதவி பண்ணீங்களேண்ணே, ஒரு நன்றிக்காகத்தான்" என்றார். நான் செய்த உதவி நான்கு கட்டுரைகளைத் தேடிக் கொடுத்தது. அதில் ஒரு தரவு தவறென்று நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன். பெயரை எடுக்கச் சொல்லி ஜர்னலுக்கு எழுதி, அது நடக்க எட்டு மாதம் ஆயிற்று.

நன்றிக்கு நன்றியுரை இருக்கிறது. ஆசிரியர் பட்டியலுக்குத் தகுதி வேறு. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு, 1978-இல் வான்கூவரில் கூடியதிலிருந்து தொடங்கிய குழு, நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிட்டதிலோ தரவு எடுத்ததிலோ அலசியதிலோ கணிசமான பங்கு. கட்டுரையை எழுதியதில் அல்லது பொருளறிந்து திருத்தியதில் பங்கு. வெளியாகப்போகும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். கட்டுரை முழுவதற்கும் பொறுப்பேற்கச் சம்மதம். நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். மற்ற துறைகளிலும் பெரும்பாலும் இதையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தட்டச்சு செய்தவர், புள்ளியியல் மென்பொருளை ஓட்டித் தந்தவர், நிதி வாங்கித் தந்தவர், துறைத்தலைவர் என்ற ஒரே காரணத்துக்காகத் துறைத்தலைவர்: இவர்கள் இடம் நன்றியுரை. கடைசி ஆளைப் பற்றிச் சொல்லும்போது நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஆய்வு மாணவருக்குப் பேச முடியாத இடம் அது; எனக்கும் தெரியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பங்களிப்பை 14 வகையாகப் பிரிக்கும் கிரெடிட் என்ற பட்டியலைப் பல ஜர்னல்கள் கேட்கின்றன. அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு போய், "ஐயா, ஜர்னலில் ஒவ்வொருவரும் என்ன செய்தோம் என்று எழுதச் சொல்கிறார்கள். உங்கள் பங்கை எதில் போடட்டும்?" என்று கேளுங்கள். சண்டை கிடையாது. நிஜமாகப் பங்களித்தவர் உடனே சொல்லுவார். மற்றவர் சில நேரம், "நன்றியில போட்டுக்கப்பா" என்பார். சில நேரம் சொல்ல மாட்டார். அதையும் மறைக்க விரும்பவில்லை.

பெயர் வரிசையை எழுதத் தொடங்கும் முன்பே பேசி, ஒரு மின்னஞ்சலாக எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். பிறகு தகராறு வந்தால் ஜர்னல் தீர்ப்புச் சொல்லாது. உங்கள் கல்லூரியிடமே திருப்பி அனுப்பும். அப்போது கையில் இருக்கப்போகிற ஒரே சாட்சி அந்த மின்னஞ்சல்தான்.

நம் ஊர்க் கதையில் நக்கீரரைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறோம். தருமியைப் பார்த்துச் சிரிப்போடு சரி. ஆனால் அடுத்தவர் எழுதிய பாட்டைத் தன் பாட்டென்று சபையில் வைத்துப் பொற்கிழி கேட்டது அவர்தான். இன்றைக்கு அந்தத் தொழில் தலைகீழாக நடக்கிறது: பொற்கிழியை நாம் கொடுக்கிறோம், பாட்டு தயாராக வருகிறது. கட்டுரை ஆலைகள் முதலாசிரியர் இடத்துக்கு ஒரு விலை, நான்காம் இடத்துக்கு ஒரு விலை என்று வாட்ஸப்பிலேயே பட்டியல் போட்டு அனுப்புகின்றன. 2023-இல் ஹிண்டாவி பதிப்பகம் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அவற்றில் ஆலைச் சரக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

மூன்றாம் படி: எழுதும்போது

இப்போது சதவீதத்துக்கு வரலாம். யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆய்வேட்டை ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 என்றால் ஓராண்டுக்குத் திருத்திய வடிவத்தையே கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவு ரத்து. வெளியான கட்டுரையில் பிடிபட்ட ஆசிரியருக்கு வேறு கணக்கு: 40-ஐத் தாண்டினால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதோடு ஓர் ஆண்டு இன்கிரிமென்ட் போகும், இரண்டு வருடம் புதிய மாணவர்களை எடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் இரண்டு இன்கிரிமென்ட், மூன்று வருடம். முறையாகச் சான்று காட்டிய மேற்கோள், துணைநூல் பட்டியல், நன்றியுரை, சட்ட வாசகங்கள், நிலையான சமன்பாடுகள் எல்லாம் கணக்கில் சேராது. பொதுவாக வழங்கும் தொடர்கள் தொடர்ச்சியாக 14 சொல் வரை ஒத்துப்போனாலும் விட்டுவிடலாம்.

பத்துக்குள் வந்தால் போதும் என்று இதைப் படிப்பவர்கள்தான் அதிகம். அதனால் சொல்லை மாற்றும் வித்தை வளர்ந்தது. கட்டுரையைத் தானியங்கி மென்பொருளில் போட்டு ஒத்த சொற்களாக மாற்றுவது. கியோம் கபனாக் என்ற கணினி அறிவியலாளரும் அவர் கூட்டாளிகளும் 2021-இல் இதற்குச் 'சித்திரவதைச் சொற்றொடர்கள்' என்று பெயர் வைத்தார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்', அதாவது போலி உணர்வு, ஆகிவிடும். மார்பகப் புற்றுநோய் 'பூசம் பெரில்', அதாவது மார்பு ஆபத்து, ஆகிவிடும். ஒப்புமை குறையும், மானமும் சேர்ந்து குறையும். சொல்லை மாற்றினாலும் கருத்து யாருடையது என்று சான்று காட்டாவிட்டால் அது திருட்டுதான்.

தமிழ்த்துறை மாணவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு ரிப்போர்ட்டில் பூஜ்யம் வந்தால் நான் சந்தோஷப்பட மாட்டேன். டி.டி.பி. சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்த ஆய்வேட்டை மென்பொருளில் போட்டால் அது தமிழையே பார்ப்பதில்லை. 'தமிழ்' என்ற சொல் அதற்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எதனோடு ஒப்பிடும்? முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், அப்புறம் சோதனைக்குக் கொடுங்கள். உரையாசிரியர் கூற்றை மூலப் பதிப்பிலிருந்து எடுங்கள், எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். இன்னொருவர் ஆய்வேட்டில் பார்த்து எடுத்துவிட்டு மூல நூலுக்குச் சான்று போட்டால், அங்கே இருந்த அச்சுப்பிழையும் உங்களோடு கூடவே வந்துவிடும். இரண்டு ஆய்வேடுகளில் ஒரே பாட்டில் ஒரே பிழையை நானே பார்த்திருக்கிறேன். சிம்மக்கல் மைய நூலகமும் புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் ஒரு பஸ் தூரம்தான்.

சொந்தக் கட்டுரையிலிருந்தே எடுப்பதும் கணக்கில் வரும். 2020 ஏப்ரலில் யு.ஜி.சி. இதைத் தனி அறிவிப்பாகவே வெளியிட்டது. இதன் தங்கைதான் ஒரே ஆய்வைத் துண்டு போடுவது. வைகைத் தண்ணீரைச் சோழவந்தான், ஆரப்பாளையம், விரகனூர் மூன்று இடத்திலும் எடுத்து ஒரே முறையில் சோதித்தவர், இடத்துக்கு ஒரு பேப்பராக மூன்று போடுகிறார். மல்லிகைச் சரத்தை முழம் போட்டு விற்பது பூக்காரம்மாவுக்குச் சரி. மூன்று இடத்தையும் சேர்த்துப் பார்த்தால்தானே வைகை ஊருக்குள் வந்து வெளியேறும்போது என்ன ஆகிறது என்று தெரியும்?

ஏ.ஐ. கருவிகள் பற்றி விதி சுருக்கமானது. ஆசிரியராகப் பெயர் போடக் கூடாது, ஏனென்றால் அதனால் பொறுப்பேற்க முடியாது. பயன்படுத்தினால் எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். தவறு வந்தால் உங்கள் தவறு. கோப் என்ற வெளியீட்டு நெறிக் குழுவும் மருத்துவ இதழாசிரியர் குழுவும் 2023-இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டன. நூலகத்தில் எனக்கு வந்திருக்கிற புதுத் தலைவலி வேறு: துணைநூல் பட்டியலோடு வந்து "இந்தக் கட்டுரை கிடைக்கலை சார், எடுத்துத் தாங்க" என்கிறார்கள். தேடிப் பார்த்தால் அப்படி ஒரு கட்டுரை உலகத்திலேயே இல்லை. படிக்காததைப் பட்டியலில் போடாதீர்கள், அவ்வளவுதான்.

நான்காம் படி: ஜர்னலைத் தேர்ந்தெடுப்பது

முன்பெல்லாம் "கேர் லிஸ்ட்ல இருக்கா?" என்ற ஒரே கேள்வி போதும். தரமான ஜர்னல்கள் என்று 2019-இல் வந்த அந்தப் பட்டியலை யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. தரம் பார்க்கும் பொறுப்பு இப்போது கல்லூரிக்கும் உங்களுக்கும். அந்தப் பட்டியல் இருந்தபோதே அதிலிருந்த நல்ல ஜர்னல்களின் பெயரிலும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணிலும் போலித் தளங்கள் நடந்தன என்பதையும் மறக்க வேண்டாம்.

அவசரமும் ஒரு காரணம். ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 முனைவர் பட்ட ஒழுங்குமுறை நீக்கிவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை வைத்திருக்கலாம். நீங்கள் பதிந்த ஆண்டின் விதியை எடுத்துப் பாருங்கள். சீனியர் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் ஜர்னலின் பழைய இதழ் ஒன்றைத் திறப்பேன். சங்க இலக்கியத்தில் பாலைத்திணை, கான்கிரீட்டில் சாம்பல், செவிலியர் மன அழுத்தம் மூன்றும் ஒரே இதழில் அடுத்தடுத்து இருந்தால் அங்கேயே மூடிவிடுவேன். அடுத்து ஆசிரியர் குழுவில் இரண்டு பேரை எடுத்து, அவர்கள் பணிபுரியும் நிறுவனத்தின் பக்கத்தில் இந்த ஜர்னலைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். 2017-இல் போலந்து ஆய்வாளர்கள் சிலர் 'அன்னா ஓ. ஷூஸ்ட்' என்ற கற்பனைப் பெண்ணின் பெயரில் 360 ஜர்னல்களுக்கு ஆசிரியர் பதவி கேட்டு விண்ணப்பித்ததை வெளியிட்டார்கள். அவர்கள் மொழியில் அந்தப் பெயருக்கு மோசடிக்காரர் என்று பொருள். 48 ஜர்னல்கள் அவரை எடுத்துக்கொண்டன. சில இடங்களில் தலைமை ஆசிரியர் பதவியே கிடைத்தது.

பிறகு ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கிறோம் என்று சொன்னால் ஸ்கோபஸின் சொந்தப் பக்கத்தில் பார்ப்பேன். அதைச் சந்தா இல்லாமலே பார்க்கலாம். கோப் உறுப்பினர் என்றால் கோப்பின் தளத்தில். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால், அப்படிப்பட்ட இதழ்களைத் தொகுக்கும் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில். ஜர்னலின் தளத்தில் இருக்கும் லோகோ எதற்கும் சாட்சி ஆகாது. ஐ.எஸ்.எஸ்.என். வெறும் அடையாள எண். வண்டிக்கு நம்பர் பிளேட் இருந்தால் ஓட்டுநருக்கு லைசென்ஸ் இருக்கிறது என்று ஆகிவிடுமா? அசல் தளத்தின் முகவரியை இந்தப் பட்டியல்களிலிருந்தே எடுங்கள், மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தாதீர்கள்.

கட்டணம் கேட்பதாலேயே ஒரு ஜர்னல் போலியாகிவிடாது. நல்ல திறந்த அணுக்க இதழ்களும் கேட்கின்றன. கட்டுரையைப் படிக்கும் முன்பே கேட்டால், மூன்றே நாளில் ஏற்பு என்றால், ஜிபே நம்பர் வந்தால், விலகிவிடுங்கள்.

ஐந்தாம் படி: அனுப்புவதும் ரிவ்யூவும்

ஒரு நேரத்தில் ஒரு ஜர்னலுக்கு மட்டும். நான்கு மாதம் பதில் இல்லையென்றால் நினைவூட்டுங்கள். பொறுக்க முடியாவிட்டால் விலக்கிக்கொள்கிறேன் என்று எழுதி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். நிதி யார் தந்தது, உங்களுக்கு அதில் லாபம் உண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவராக யாரைப் போடலாம் என்று ஜர்னல் பெயர் கேட்டால் நண்பனுக்கு ஒரு ஜிமெயில் உருவாக்கிக் கொடுக்கும் வேலை வேண்டாம். 2017-இல் ட்யூமர் பயாலஜி என்ற ஜர்னல் பொய் ரிவ்யூவால் 107 கட்டுரைகளை ஒரே மூச்சில் திரும்பப் பெற்றது. ரிவ்யூவர் "என் ஐந்து கட்டுரைகளைச் சேர்" என்று எழுதினால், பொருந்துவதை மட்டும் சேர்த்து, மற்றவை ஏன் பொருந்தவில்லை என்று ஆசிரியருக்குப் பணிவாக எழுதலாம். உங்களிடமே ரிவ்யூவுக்கு வந்தால் அந்தக் கட்டுரையை மாணவர்களுக்கு அனுப்பாதீர்கள், ஏ.ஐ. கருவியில் ஏற்றாதீர்கள்.

ஆறாம் படி: வெளியான பிறகு

அடுத்தவர் உங்களுடையதை எடுத்திருந்தால் முகநூலில் கொட்ட வேண்டாம். இரண்டு கட்டுரையின் வரிகளையும் பக்க எண்ணோடு எதிரெதிரே ஓர் அட்டவணையாக்கி, 'திருடன்' போன்ற சொல் எதுவும் இல்லாமல், ஜர்னல் ஆசிரியருக்கு அனுப்புங்கள். பதில் இல்லாமல், ஜர்னல் கோப் உறுப்பினராகவும் இருந்தால், கோப்பிடம் முறையிடலாம். எடுத்தவர் நம் பக்கத்துக் கல்லூரியில் இருந்தால், 2018 விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டிய கல்வி நேர்மைக் குழுவுக்கு எழுதுங்கள்.

நீங்கள் மேற்கோள் காட்டியது திரும்பப் பெறப்பட்டதா என்று ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் பாருங்கள். 2023-லிருந்து, கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. அடையாள எண் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பு வழியாக இலவசமாகக் கிடைக்கிறது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998 லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற 2010 வரை ஆனது. அதற்குள் அது போகாத இடமில்லை.

தவறு உங்களுடையது என்றால்? வைகைத் தண்ணீரை மூன்றாக வெட்டாமல் ஒரே கட்டுரையாகப் போட்ட ஒரு மாணவி என்னிடம் வந்தார். வெளியாகி ஐந்து மாதம். நோட்டில் 4.6 என்று இருந்த கரைந்த ஆக்சிஜன் அளவு, அட்டவணையில் 6.4 என்று அச்சாகியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. "சொல்லணுமா சார்?" என்றார். நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, எந்த அட்டவணை, எந்த வரி, சரியான எண் எது, முடிவு மாறுகிறதா என்று நான்கு வரியில் ஆசிரியருக்கு எழுதினோம். முடிவுரையில் ஒரு வாக்கியம் மாறியது. ஏழு வாரத்தில் திருத்தம் வெளியானது. அந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வைத்துத்தான் பைண்டிங்குக்குக் கொடுத்தார். வைவாவில் அதைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லையாம்.